வாசகர் கேள்வி – பதில்: அவையில் பேசியது எங்கே இருக்கிறது?

எங்கள் சட்டமன்ற உறுப்பினர், பச்சைத் தேயிலை விலை பற்றிப் பேரவையில் பேசிவிட்டதாக ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார். என்ன பேசினார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சிறு தேயிலை விவசாயிகளான நாங்கள் எங்கே பார்ப்பது?
– வாசகி, கோத்தகிரி

பேரவையில் பேசப்படுவதைச் சுருக்கெழுத்தாளர்கள் உடனுக்குடன் எழுதுகிறார்கள். அதுவே பின்னர் நடவடிக்கைக் குறிப்பாக அச்சாகிறது. ஆகவே அவர் பேசியிருந்தால் அது நிச்சயம் பதிவாகியிருக்கும். ஆனால் எந்தத் துறையின் மானியக் கோரிக்கை நாளில், அதாவது அத்துறைக்கான நிதியைப் பேரவையிடம் கேட்டு விவாதம் நடக்கும் நாளில், தேடுவது என்று தெரியாவிட்டால் அந்தப் பக்கம் உங்கள் கைக்குக் கிடைக்காது. தேயிலை பயிர்தானே என்று வேளாண்மைத் துறையின் நாளைப் புரட்டுபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். நீங்கள் இலை கொடுக்கும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் தலைமை இணையமான இண்ட்கோசர்வ், குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறையின்கீழ் வருகிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கப்பட்டு 1976இல் கழகமாக மாறிய டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம், வனத்துறையின்கீழ் வருகிறது. தேயிலை வாரியமோ நாடாளுமன்றம் இயற்றிய 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அது ஒன்றிய வணிக அமைச்சகத்துக்கு உட்பட்டது. விலை குறித்துச் சென்னையில் கேட்டால் ‘ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்ற பதில் வருவதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினருக்குக் கொடுக்கும் தொகையையும் அதைக் கொடுக்கும் காலத்தையும் பொறுத்தவரை அந்தப் பதில் போதாது, ஏனெனில் அந்தப் பொறுப்பு மாநிலத் துறையைச் சேர்ந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவதும் கேள்வி நேரத்தில் வினா எழுப்புவதும் ஒன்றல்ல. விவாதத்தில் ஓர் உறுப்பினர் தனக்குக் கிடைத்த சில நிமிடங்களுக்குள் சாலை, மருத்துவமனை, யானை வழித்தடம், தேயிலை என்று அடுக்கிக்கொண்டே போவார். அமைச்சர் தம் பதிலுரையில் அவற்றுள் எதையும் தொடாமலே முடித்துவிடலாம். வினாவுக்கு அப்படி முடியாது. நட்சத்திரக் குறியிட்ட வினாவாக இருந்தால் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலைத் தொடர்ந்து எழும் துணைவினாக்களையும் எதிர்கொள்ள வேண்டும். இந்த உரிமை நமக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. மாகாண, மத்திய சட்ட அவைகளின் உறுப்பினர்கள் கேள்வி கேட்க 1892ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதலில் வழிவிட்டது. துணைவினாவுக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் மூல வினாவைக் கேட்டவருக்கு மட்டுமே கிடைத்தது. எனவே அடுத்த கூட்டத்தில் ‘பேசினீர்களா?’ என்று கேட்காதீர்கள், ‘வினா கொடுத்தீர்களா, அதன் எண் என்ன?’ என்று கேளுங்கள்.

பதிலில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தால் அதை வெறும் மழுப்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மக்களவையில் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் சொற்றொடர்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. அவ்வாறு கொள்ளப்பட்டதை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அதைப் பின்தொடர 1953 முதல் ஒரு குழுவே இயங்குகிறது. நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. பொதுமக்களிடமிருந்து மனுப் பெறும் மனுக்கள் குழுவும் உண்டு. இக்குழுக்கள் மாவட்டத்துக்கு வரும் நாள் செய்தியாக வெளிவரும்போது, அவையில் தரப்பட்ட பதிலின் நகலோடு போய் நிற்கும் விவசாயியைத் திருப்பி அனுப்புவது எளிதல்ல. மேடையில் தரப்பட்ட வாக்குறுதிக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

ஒரு சட்ட முன்வடிவுக்கு எங்கள் உறுப்பினர் ஆதரவாக வாக்களித்தாரா, எதிராக வாக்களித்தாரா என்பதைக் குறிப்பிலிருந்து அறிய முடியுமா? கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலத்தில் குடியிருப்பவன் என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், பந்தலூர்

பெரும்பாலும் முடியாது என்பதே நேர்மையான பதில். நம் அவைகளில் சட்ட முன்வடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ‘ஆம்’ என்ற ஒலி ஓங்கியிருந்தது என்ற முடிவுதான் பதிவாகுமே தவிர, யார் வாயிலிருந்து அது வந்தது என்பது பதிவாகாது. உறுப்பினர்கள் வற்புறுத்திக் கேட்டால் மட்டுமே டிவிஷன் எனப்படும் எண்ணிக்கை வாக்கெடுப்பு நடக்கும். 2017 பிப்ரவரி 18இல் நம்பிக்கைத் தீர்மானம் 122க்கு 11 என்று நிறைவேறியது அப்படி எண்ணப்பட்டதுதான். ஒரு வட்டத்து மக்களின் வீடும் நிலமும் சம்பந்தப்பட்ட சட்டங்களுக்காவது இம்முறை கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆயினும் உங்கள் வழக்கில் விவாதக் குறிப்பு வீணானதல்ல. ஜென்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் 1969இல் நிறைவேறி, 1974இல் நடைமுறைக்கு வந்தது. இடையில் 1972இல் உச்ச நீதிமன்றம் காட்டு நிலங்கள் தொடர்பான பகுதியை ரத்துசெய்தது. 1974இல் நாடாளுமன்றம் 34ஆம் திருத்தத்தின் வழியாக இச்சட்டத்தை, அடிப்படை உரிமைகளை மீறுவதாக நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களுக்குப் பாதுகாப்பு தரும் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அதை எதிர்த்த வழக்கில்தான் 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும், திருத்தத்தாலும் மாற்ற முடியாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் எனத் தீர்ப்பளித்தது. குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17ஆம் பிரிவை எந்த நோக்கத்தில் எழுதினார்கள் என்று அறிய, முன்வடிவோடு இணைத்துத் தரப்பட்ட நோக்கக் காரண விளக்க உரையையும் அன்றைய விவாதத்தையும் படியுங்கள். 1974இன் நாடாளுமன்ற விவாதம் நாடாளுமன்ற மின்நூலகத்தில் கிடைக்கும். 1962இல் நீலகிரியிலிருந்து மக்களவைக்குச் சென்ற அக்கம்மா தேவியின் பேச்சுகளையும் அங்கேயே தேடலாம்.

‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது’ என்றால் அந்தச் சொற்கள் அடியோடு அழிந்துவிடுமா?
– வாசகர், கொடைக்கானல்

அச்சாகும் குறிப்பில் அவை இரா. மக்களவைக் குறிப்பில் அந்த இடத்தில் நட்சத்திரப் புள்ளிகளும், அவைத்தலைவர் ஆணையால் நீக்கப்பட்டது என்ற அடிக்குறிப்பும் இருக்கும். ஆகவே ஏதோ ஒன்று எடுக்கப்பட்டது என்பதாவது தெரியும். நேரலையில் ஊரே கேட்டுவிட்ட சொல்லாக இருந்தாலும், நீக்கிய பிறகு அதை வெளியிடுவது அவையின் உரிமையை மீறிய குற்றமாகக் கருதப்படலாம். பீகார் சட்டமன்றத்தில் நீக்கப்பட்ட பேச்சை அச்சிட்ட பாட்னாவின் சர்ச்லைட் நாளிதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் அவையின் பக்கமே நின்றது.