ஒகேனக்கல் பாறையும் அருவியும்: கேள்வி பதில்

குற்றாலம் பேரருவி மாதிரி ஒரே அருவியாக விழாமல், ஒகேனக்கல்லில் மட்டும் காவிரி ஏன் இத்தனை கிளையாகப் பிரிந்து விழுகிறது?

பாறையில் இருக்கும் விரிசல்தான் காரணம். மைசூர் பீடபூமியிலிருந்து இறங்கிவரும் காவிரி, மேகதாது வரை கிழக்கு நோக்கி வந்து, ஒகேனக்கல் பக்கம் தெற்கே திரும்புகிறது. திரும்பும் இடத்தில் ஆற்றின் அடியில் மண் இல்லை, வெறும் பாறை. அந்தப் பாறை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக விரிசல். தண்ணீர் எந்த விரிசலில் நுழைந்ததோ அதை அகலமாக்கி, ஆழமாக்கி, தனக்கொரு வழி செய்துகொண்டது. மெயின் அருவி, ஐந்தருவி, சினி பால்ஸ் என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் ஒரே ஆறு வேறு வேறு விரிசல்களில் இறங்கும் இடங்கள். உயரம் அதிகமில்லை, சுமார் 20 மீட்டர்தான். உயரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பாறையைப் பார்க்கப் போங்கள்.

இத்தனை கெட்டியான பாறையில் விரிசல் எப்படி வந்தது?

நல்ல கேள்வி. இந்தப் பாறை உருவானது பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில். மேலே இருந்த அத்தனை பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய்விட்டது. பாரம் குறையக் குறைய அடியில் அழுந்திக் கிடந்த பாறை விரியும், விரியும்போது வெடிக்கும். இதோடு, பூமியின் மேலோட்டுப் பலகைகள் நகர்ந்தபோது முறிந்த பழைய பிளவுகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆறு வந்தது இதெல்லாம் நடந்து வெகுகாலம் கழித்து.

உலகத்திலேயே பழமையான கார்பனடைட் பாறை மேலேதான் அருவி விழுகிறது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே, சரியா சார்?

பாதி சரி. ஒகேனக்கல் வட்டாரத்தில் கார்பனடைட், அதாவது பெரும்பாலும் கார்பனேட் கனிமங்களால் ஆன, பாறைக்குழம்பு இறுகி உருவான பாறை, இருக்கிறது. வயது சுமார் 240 கோடி ஆண்டு, உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று. ஆனால் அது சின்னச் சின்னத் திட்டுகளாகத்தான், பைராக்சினைட் என்ற கரும்பாறையை ஒட்டிக் கிடக்கிறது. வட்டாரத்தின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கெட்டிப்பாறையும், நைஸ் என்ற வரிவரியான பாறையும். அவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சார்னோகைட் நமக்கு ரொம்ப நெருங்கிய கல். பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளும் இதே கல்தான். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தக் கல்லில் செய்யப்பட்டது என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்கு அவர் பெயரை வைத்தார்.

அடையாளம் காண்பது சுலபம். வெயிலும் மழையும் பட்ட மேல்பரப்பு பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்: பச்சை கலந்த கருஞ்சாம்பல், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, நடுவே நீலம் ஓடிய குவார்ட்ஸ் மணிகள். இதற்காகக் கல்லை உடைக்க வேண்டாம், உடைந்து கிடப்பதே போதும்.

பாறையில் வட்ட வட்டமாகக் குழி இருக்கிறதே, யாராவது வெட்டியதா?

யாரும் வெட்டவில்லை. வெள்ளத்தில் உருண்டுவந்த கூழாங்கல் ஒரு சின்னப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். நீர்ச்சுழல் அதை ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போலச் சுற்றவைக்கும். மணலும் சேர்ந்துகொண்டால் அரைப்பு இன்னும் வேகம். கல் தேய்ந்து தூளானால் அடுத்த வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவந்து போடும். கோடையில் தண்ணீர் வற்றியதும் பாதுகாப்பான இடத்தில் ஒரு குழிக்குள் எட்டிப் பாருங்கள்: அடியில் உருண்டையான கற்கள் நாலைந்து கிடக்கும், உள்சுவர் கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். அந்தக் கற்களை ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள். குழியைத் தோண்டும் கருவியே அவைதான்.

நயாகரா பின்னோக்கி நகர்கிறதாமே. இதுவுமா?

நகரும், ஆனால் ஒப்பிடவே முடியாத மெதுவில். நயாகராவில் மேலே டோலமைட் என்ற கெட்டியான சுண்ணாம்பு வகைப் பாறை, அடியில் மிருதுவான களிப்பாறை. அடிப்பாறை அரிக்க, மேல்பாறை தாங்க இடமில்லாமல் உடைந்து விழும். அப்படித்தான் சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியது. ஒகேனக்கல்லில் அப்படி மேல் கீழ் அடுக்கு கிடையாது. மேலிருந்து கீழ்வரை கெட்டிப்பாறை. விரிசல் வழியே துண்டு துண்டாகப் பெயர்ந்தால்தான் உண்டு.

பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது?

தட்டையான அடிப்பாகம், ஆழம் குறைவாக இருந்தாலும் மிதக்கும், பாறையில் இடித்தாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும். இந்த ஆற்றுக்கு அதுவே பொருத்தம்.

எந்த மாதம் போனால் அருவி அழகு, அண்ணா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் திறந்தால் இங்கே வெள்ளம். நீர்வரத்து விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டும் நாட்களில் அருவிகளே தெரியாது, எல்லாம் மூழ்கி ஒரே செந்நிறப் பெருக்காக ஓடும். அதுவும் ஒரு பேரழகுதான், ஆனால் பரிசலும் குளியலும் தடை. என் விருப்பம் வெள்ளம் வடிந்த பிறகான நாட்கள். தண்ணீர் தெளிந்திருக்கும், அருவிகள் தனித்தனியாகத் தெரியும். பரிசலில் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது இரு பக்கமும் ஒரு கோடு பாருங்கள்: அதற்குக் கீழே பாறை இழைத்தது போல வழவழப்பு, மேலே சொரசொரப்பு. வெள்ளம் வழக்கமாக எதுவரை ஏறும் என்பது அதில் தெரியும்.

கிளம்புவதற்கு முன், காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவின் நீர்வரத்தைச் செய்தியில் பார்த்துவிடுங்கள். ஆற்றில் முதலைகளும் உண்டு. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள்.