ஏர்கன் வாங்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் நீளத் துப்பாக்கி) கேட்டு நச்சரிக்கிறான். கடையில் ஒன்று காட்டினார்கள். பெட்டியின் மேல் ‘நொடிக்கு 1,000 அடி வேகம்’ என்று போட்டிருக்கிறது. லைசென்ஸ் தேவையில்லை என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அம்மா, பெட்டி சொல்வதும் கடைக்காரர் சொல்வதும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், பெல்லட் (அதில் போடும் சின்னக் குண்டு) வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். போட்டிகளில் போடும் ஈயப் பெல்லட் சுமார் 0.53 கிராம். அது நொடிக்கு 1,000 அடி, அதாவது 305 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டிவிடும். அந்த வேகம் நிஜமென்றால் லைசென்ஸ் வேண்டும். 20 ஜூலுக்குள் அடங்கிய துப்பாக்கி என்றால் ஈயப் பெல்லட்டின் வேகம் 900 அடிக்கு மேல் போகாது. பெட்டியில் இருப்பது பெரும்பாலும் எடை குறைந்த அலாய் (கலப்பு உலோக) பெல்லட்டைப் போட்டு எடுத்த எண்.

அந்த வேகம் உங்கள் பையனுக்கு எதற்கு? ஒலிம்பிக்கில் சுடும் ஏர் ரைஃபிளே நொடிக்கு 175 மீட்டர் அளவில்தான் சுடுகிறது. குறி இருக்கும் 10 மீட்டர் தூரத்தைக் கடக்க அதன் பெல்லட்டுக்கு நொடியில் நூறில் ஆறு பங்கு ஆகும். அதற்குள் பெல்லட் 1.7 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியைத் திருகி அதைச் சரிசெய்துகொள்ளலாம், பெரிய விஷயமே இல்லை. பத்துப் புள்ளி தரும் பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அதில் அடிக்க வேகம் உதவாது. விசை (டிரிக்கர்) வழவழப்பாக விடுபட வேண்டும், தோள்கட்டை பையனின் கைநீளத்துக்குப் பொருந்த வேண்டும், எடையை அவன் தாங்க வேண்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அமுக்கிப் பெல்லட்டைத் தள்ளும். வேகம் கூடக்கூட உள்ளே பிஸ்டன் மோதும் வேகமும் கூடும். பெல்லட் குழாயை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி முழுக்க ஒருமுறை குலுங்கிவிடும். நான் லேத் வேலை பார்த்த காலத்தில் முதல் போனஸில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. குலுங்குகிறதே என்று இறுக்கிப் பிடித்தேன். குறி அட்டையில் ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஒரு மாதம் கழித்து ஒரு பெரியவர் என் இடது கையைப் பிரித்துவிட்டார். “பிடிக்காதே, விரித்த கையில் சும்மா வை, அது ஆடுகிற மாதிரி ஆடட்டும்” என்றார். அடுத்த ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போயின. அன்று எனக்குக் கண் கலங்கியது.

அதனால் முதலில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதம் அங்கே இருக்கும் துப்பாக்கியில் சுடட்டும். அப்புறம் அவனையும் அழைத்துக்கொண்டு போய், தோளில் வைத்துப் பார்த்து, உங்கள் பெயரில் வாங்குங்கள். இன்னொன்று: மனு பாக்கர் சுட்டது ஏர் பிஸ்டல், அதாவது கைத்துப்பாக்கி. ஏர் ரைஃபிள் என்றால் நம் கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன். எது வேண்டும் என்று அவனையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஏர்கன் குழாயில் மூன்றே மாதத்தில் துரு பிடித்துவிட்டது. எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், சுட்டபோது புகை வந்தது. பழுதா?
- வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே வருடத்துக்கொரு முறை பெயிண்ட் கேட்கும். உப்புக்காற்று துப்பாக்கியை விட்டுவைக்குமா? சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் குழாயைத் துடையுங்கள். விரல் பட்ட இடத்தைக் கட்டாயம் துடையுங்கள், வியர்வையிலும் உப்புதான். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

புகைக்குக் காரணம் நீங்கள் ஊற்றிய எண்ணெய். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது காற்று பயங்கரமாகச் சூடாகும். உள்ளே எண்ணெய் இருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் நடப்பதும் இதுதான். ஒருமுறை நான் தையல் மிஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டு, பட்டாசு மாதிரிச் சத்தம் கேட்டு, பிஸ்டன் சீல் கருகிப்போய்ப் புதிதாக மாற்றினேன். காற்று அடைபடும் அறைக்குள் சாதாரண எண்ணெய் போகவே கூடாது. பெல்லட் இல்லாமல் வெறும் துப்பாக்கியை இழுத்து விடுவதும் கூடாது. பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும்.

கேள்வி: மொட்டை மாடியில் 33 அடி இருக்கிறது. பயிற்சி செய்யலாமா?
- கல்லூரி மாணவர், கொடுங்கையூர்

பதில்: நீளம் இருந்தால் போதாது தம்பி. அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பக்கத்து மாடியில் துணி காயப்போட வரும் அக்கா இருந்தால், வேண்டாம். ஏர்கன் பெல்லட் பட்டுக் கண் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். குறி தவறினாலும் வெளியே போக வழியில்லாத உயரமான சுவர் வேண்டும். அதன் முன்னே, மேல்விளிம்பு உங்கள் பக்கம் சாய்ந்தபடி 45 டிகிரியில் ஓர் இரும்புத் தகடு, அதன் கீழே மணல் தட்டு. பெல்லட் தகட்டில் பட்டு மணலில் விழும். தகட்டை நிமிர்த்தி வைத்தால் உங்கள் மேலேயே தெறிக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். காக்கை, புறாப் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது.

கேள்வி: ஒரே டப்பா பெல்லட், ஒரே துப்பாக்கி. ஐந்தில் ஒன்று மட்டும் தள்ளிப்போய் விழுகிறதே?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். காற்று தள்ளும்போது அந்தப் பாவாடை விரிந்து, குழாயின் உள்ளே இருக்கும் மரையைக் கவ்விச் சுழலும். அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காற்று அந்தப் பக்கம் கசியும், பெல்லட் தள்ளாடும். டப்பா ஒருமுறை கீழே விழுந்தாலே பத்துப் பதினைந்து நசுங்கிவிடும். கண்ணாடித் துண்டில் ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். நல்லது சீராக வளைந்து போகும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். அதைத் தனியாக எடுத்துவிட்டு மீண்டும் ஐந்து சுட்டுப் பார்த்து எழுதுங்கள்.