ஏரிக்கரை ஊர்களில் பழம்பொருள் வேட்டை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஏரிக்கரை விடுமுறை ஊர்களில் தெருவுக்கு இரண்டு பழைய சாமான் கடை இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் தலையில் கட்டத்தானே?

பதில்: அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் சரக்கு அங்கே சேருவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. ஏரிக்கரை வீடு பலருக்கு இரண்டாவது வீடு. நகரத்து வீட்டில் புது மேசை வந்தால் பழையது இங்கே வந்துவிடும். ஜோடி தவறிய தட்டு, தாத்தாவின் டிரங்குப் பெட்டி எல்லாம் இங்கே ஒதுங்கும். வருஷத்தில் சில வாரம்தான் ஆள் புழக்கம் என்பதால் தேய்மானம் குறைவு. பிறகு வாரிசுகள் வீட்டை விற்கும்போது உள்ளே இருப்பது மொத்தமும் ஒரேயடியாக வெளியே வருகிறது. மூடிய பழைய ஹோட்டல்களின் சாமானும் இதே வழியில்தான் வரும்.

கேள்வி: அப்படியானால் எதைத் தேட வேண்டும்? எனக்கு எல்லாமே அழகாகத் தெரிகிறது!

பதில்: ஏரியோடு ஒட்டிய பொருளைத் தேடுங்கள். பீங்கான் தட்டும் சுவர்க்கடிகாரமும் எந்த ஊரிலும் கிடைக்கும். மீனை ஈர்க்கத் தூண்டிலில் கட்டும் கண்ணாடிக் கண் பதித்த மர மீன், மீன் போடும் பிரம்புக் கூடை, துடுப்பு, படகுக் கால அட்டவணை, ஹோட்டல் அறைச் சாவி, ஏரிப் படம் போட்ட அஞ்சலட்டை ஆகியவை அங்கேதான் குவிந்திருக்கும், அங்கேதான் விவரம் சொல்லவும் ஆள் இருக்கும்.

அஞ்சலட்டைக்கு வயது பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முகவரிப் பக்கத்தைத் திருப்புங்கள். நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி செய்திக்கு, மறுபாதி முகவரிக்கு என்று பிரிக்கும் முறை பிரிட்டனில் 1902லும் அமெரிக்காவில் 1907லும் வந்தது. அந்தப் பக்கம் முழுவதும் முகவரிக்கே என்றிருந்தால் அதற்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: மூங்கில் தூண்டில் கோல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: முதலில் அது முழு மூங்கிலா, பிளந்து ஒட்டியதா என்று பாருங்கள். நல்ல கோல்களில் ஆறு மூங்கில் கீற்றுகளை ஒட்டியிருப்பார்கள், குறுக்குவெட்டு அறுகோணமாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடியிழைக் கோல்கள் பரவி இவற்றை ஓரம் கட்டிவிட்டன.

கழற்றி, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கோல்களில் எல்லாத் துண்டும் ஒரே நீளம்தான். நுனித் துண்டு மட்டும் குட்டையாக இருந்தால், உடைந்த நுனியை வெட்டிச் சரிசெய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பிறகு ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். சுவரில் மாட்டத்தான் என்றால் இதெல்லாம் பெரிய குறையில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

கேள்வி: மேடம், போன முறை வாங்கிய அலமாரியில் பூஞ்சை வாசம் போகவே மாட்டேன் என்கிறது. வெயிலில் வைத்துக் காயவைக்கலாமா?

பதில்: வேண்டாம்! அங்கே வாங்கும் பொருளுக்கு முதல் எதிரி ஈரம். அடுத்த எதிரி, அதைப் போக்க நாம் காட்டும் அவசரம். மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும், அதுவும் ரேகையின், அதாவது நார் ஓடும் திசையின், குறுக்கே. பல வருஷம் ஈரக்காற்றில் இருந்ததைத் திடீரென்று வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் பலகை வெடிக்கும், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு எழும்பும். காற்றோட்டமான நிழலில் சில வாரம் விடுங்கள். இழுப்பறைகளை வெளியே எடுத்து, உள்ளே கரித்துண்டோ சமையல் சோடாவோ திறந்த கிண்ணத்தில் வையுங்கள். பூஞ்சையை முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே துடையுங்கள்.

இனிமேல் கடையிலேயே இழுப்பறையைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள், வெட்கமே வேண்டாம். முதுகுப்பலகை, கால்களின் அடி, நிலைக்கண்ணாடியின் பின்பக்கம் மூன்றையும் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பொடிப்பொடி துளைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். வெளுத்த மாவு புதிதாகக் கொட்டினால் மரம் துளைக்கும் வண்டு உள்ளே உயிரோடு இருக்கக்கூடும். அந்தச் சாமான் மற்ற சாமான்களுக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

கேள்வி: மேசை உண்மையிலேயே பழையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரர் நூறு வருஷம் என்கிறார்.

பதில்: அவர் சொல்வதைவிட மேசையின் அடிப்பக்கம் சொல்வதை நம்புங்கள். பலகையில் வில் வில்லாக அறுவைத் தடம் இருந்தால் வட்ட ரம்பம் பரவிய 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ செய்தது. தலையில் கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்தையது என்று விற்கும் மேசையில் அது இருந்தால், பின்னாளில் பழுது பார்த்ததா, மேசையே புதிதா என்று கேளுங்கள்.

வட்ட மேசையானால் இன்னொரு வேலை. டேப்பை எடுத்து ரேகை நெடுக ஒருமுறை, குறுக்கே ஒருமுறை அளங்கள். பழைய திட மரம் குறுக்கே சுருங்கியிருக்கும், கச்சிதமான வட்டமாக இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, கடைக்காரர் முகத்தைப் பார்ப்பதற்காகவாவது செய்யலாம்.

கேள்வி: தட்டின் அடியில் நாட்டின் பெயரே இல்லை. அப்படியானால் ரொம்பப் பழசா?

பதில்: இருக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்காவில் இறக்குமதியாகும் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் வேண்டும் என்ற விதி 1891இல் நடைமுறைக்கு வந்தது. வேறு நாட்டுக்குப் போன சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிலவற்றில் ஒட்டிய காகிதச் சீட்டு எப்போதோ உதிர்ந்திருக்கும். பெயர் இருந்தால்தான் அதிக உதவி. ஜப்பானின் இன்னொரு பெயரான ‘நிப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1891 முதல் 1921 வரை. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952க்குள்.

கேள்வி: ஊதா நிறப் பழைய பாட்டில்கள் நிறைய வைத்திருக்கிறார்கள். நிஜமா?

பதில்: மாங்கனீசு கலந்த பழைய நிறமற்ற கண்ணாடி, வெயிலில் பல வருஷம் கிடந்தால் லேசான ஊதாவாகும். அடர் ஊதாவில் வரிசையாக நின்றால் கதிர்வீச்சு கொடுத்து நிறமேற்றியதாக இருக்கலாம். பாட்டில் பழையதுதான், நிறம்தான் அவசரத்தில் வந்தது. நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: பேரம் பேச நல்ல நேரம் எது?

பதில்: சீசன் முடிகிற வாரங்கள். குளிர்காலம் முழுக்கக் கடையில் கிடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். வீட்டுச் சாமானை மொத்தமாக விற்கும் இடத்தில் முதல் காலையில் போனால் நல்ல பொருள் கிடைக்கும், கடைசி மாலையில் போனால் நல்ல விலை கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மூன்று நான்கு பொருளைச் சேர்த்து வைத்து “எல்லாம் சேர்த்து என்ன சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பொருளை மட்டம் தட்டிப் பேசினால் அவர் இறங்கி வர மாட்டார்.

கேள்வி: குழந்தை அறைக்குப் பழைய பெயின்ட் அடித்த நாற்காலி, அப்புறம் படகுக்குப் பழைய மிதவைச் சட்டை. சரிதானே அக்கா?

பதில்: இரண்டுமே வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டுக்கான தடை 1978இல்தான் வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பரவும். மிதவைச் சட்டை சுவருக்கு மட்டும். உள்ளே அடைத்த பஞ்சு இற்றிருந்தால் தண்ணீரில் ஆளைத் தாங்காது.

கேள்வி: விமானத்தில் வருகிறேன். காற்றழுத்தம் காட்டும் பழைய பாரோமீட்டர் கொண்டுவரலாமா?

பதில்: கண்ணாடிக் குழாயில் பாதரசம் உள்ளதென்றால் முடியாது. பாதரசம் அலுமினியத்தை அரிக்கும், பல விமானங்களிலோ பெரும்பகுதி அலுமினியம். வட்ட முகப்புள்ள, பாதரசம் இல்லாத வகையானால் தாராளமாகக் கொண்டுவரலாம். தந்தத்திலோ ஆமையோட்டிலோ செய்த பிடி, பதிப்பு ஏதாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அவற்றை நாடு விட்டு நாடு கொண்டுபோகச் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு, பழசு என்று சொன்னால் மட்டும் சுங்கத்தில் விடமாட்டார்கள், ஆவணம் கேட்பார்கள்.