வராத பஸ்ஸைத் தாளில் ஏற்றுங்கள்

கேள்வி: எங்கள் கிராமத்துக்குக் காலை 7.40க்கு ஒரு டவுன் பஸ், இரவு 9 மணிக்குக் கடைசி பஸ். நான் டவுனில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன், மகள் காலேஜ் போகிறாள். கொஞ்ச மாதமாகக் காலை வண்டி வாரத்தில் சில நாள் வருவதே இல்லை. இரவு வண்டியை மெயின் ரோட்டோடு திருப்பிவிடுகிறார்கள். கண்டக்டர் "டெப்போவில் கேளுங்கம்மா" என்கிறார். டெப்போவில் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஓசியில் போறவங்களுக்கு இவ்வளவு பேச்சா?" என்றது வேறு மனசை உறுத்துகிறது. காசு கொடுக்காத எங்களுக்குக் கேட்க உரிமை உண்டா? (கிராமத்து வாசகி)

பதில்: தாராளமாக உண்டு. முதலில் அந்த 'ஓசி' பேச்சைத் தள்ளிவிடுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் டிக்கெட் காசில்லாமல் போகிறார்கள். அதற்கான தொகையைத் தமிழக அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அது வரிப்பணம், நீங்கள் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் சேர்த்திதான்.

சட்டத்தில் ஒரு சிக்கல் இருப்பது உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 போக்குவரத்தைச் 'சேவை' என்று சொல்கிறது, ஆனால் முற்றிலும் இலவசமாகத் தருவதைச் சேவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை வழக்கு ஒன்றில், சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்றது. பஸ்ஸுக்கும் அதே வாதத்தை வைக்க இடமிருக்கிறது. ஆனாலும் ஒரு டிரிப் வரவில்லை என்பதற்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். அங்கே இழப்பீடு கிடைக்கலாம், 7.40 வண்டி திரும்பி வராது. உங்களுக்கு வேண்டியது வண்டி.

சரி, வண்டிக்கு வருவோம். டிரைவர் லீவு போட்டாலோ வண்டி பழுதானாலோ டெப்போவில் ஏதோ ஒரு டிரிப்பை வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது? கலெக்‌ஷன் குறைந்ததை, கேட்க ஆளில்லாத ஊருக்குப் போவதை. இரண்டிலும் உங்கள் ஊர் மாட்டிக்கொள்கிறது. ஆகவே இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

கலெக்‌ஷன் விஷயத்தில் நம் பெண்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. "ஃப்ரீதானே, டிக்கெட் எதுக்கு?" என்று கட்டணமில்லாச் சீட்டை வாங்காமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் கண்டக்டரும் விட்டுவிடுகிறார். மெஷினில் ஏறாத ஆள் கணக்கிலும் ஏறுவதில்லை. படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு போன வண்டி, டெப்போ தாளில் பாதி காலியாக ஓடியிருக்கும். பிறகு 'இந்தத் தடத்தில் ஆளே இல்லை' என்று எழுத அதைவிட என்ன வசதி வேண்டும்! எட்டிக் கேட்டாவது சீட்டை வாங்குங்கள். மகளையும் வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், வண்டி எண். வராவிட்டால் 'வரவில்லை'. மெயின் ரோட்டோடு திரும்பியிருந்தால் அதுவும். நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை இருந்தால் கடைக்காரரையே எழுதச் சொல்லலாம், அவருக்கும் வியாபாரம் அந்த பஸ்ஸை நம்பித்தான். ஒரு மாதம் எழுதினால் போதும். "அடிக்கடி பஸ் வருவதில்லை" என்ற மனுவுக்கு "சீராக இயக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் பதில் போட்டு மூடிவிடுவார்கள். தேதி போட்ட பட்டியலுக்கு அப்படிப் பதில் போட முடியாது.

கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. "ஏன் பஸ் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தடத்தின் அங்கீகரிக்கப்பட்ட நேர அட்டவணை நகல், கடந்த மூன்று மாதத்தில் நாள்வாரியாக இயக்க வேண்டிய நடைகள், இயக்கிய நடைகள், இயக்காததற்குப் பதிவு செய்த காரணம்." அலுவலகத்தில் டிரிப்பை 'நடை' என்றுதான் எழுதுவார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். நீங்கள் 'வரவில்லை' என்று எழுதிய நாளில் அவர்கள் 'இயக்கப்பட்டது' என்று காட்டியிருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது.

அதை வைத்துக் கிளை மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் மனு அனுப்புங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-இலும் பதியலாம். கிராம சபைத் தீர்மானம் கையில் இருந்தால் இன்னும் பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவற்றில் அடுத்து வருவது எதுவோ அதில் நிறைவேற்றுங்கள்.

தீர்மானத்தில் இரவு வண்டியை ஹால்ட் வண்டியாக்கக் கேட்டுப் பாருங்கள். வண்டி ராத்திரி ஊரிலேயே தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்தே புறப்படும். உங்கள் இரண்டு பிரச்சினையும் ஒரே ஏற்பாட்டில் தீரும். ஆனால் கேட்கும் முன் டிரைவரும் கண்டக்டரும் படுக்க ஓர் அறை, ஃபேன், கழிப்பறை இவற்றுக்கு ஊராட்சி வழி செய்யட்டும். நாள் முழுக்க வண்டி ஓட்டியவரைக் கொசுக்கடியில் சீட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, காலையில் சரியான நேரத்துக்கு எடு என்றால் எப்படி?

கேள்வி: சில்லறை இல்லை என்று கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் '80' என்று எழுதிக் கொடுத்தார். இறங்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன். போனது போனதுதானா?

பதில்: டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் இருந்தால் போகவில்லை. அன்றோ மறுநாளோ அந்த டெப்போவுக்குப் போங்கள். டிக்கெட்டில் தேதியும் நேரமும் இருக்கும், கண்டக்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவர் கையெழுத்தே சாட்சி. இனிமேல் சின்ன டிக்கெட்டுக்கு 100 ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள், பாவம் அவரும் எத்தனை பேருக்குத்தான் மாற்றுவார்.

கேள்வி: ஊருக்கு வெளியே புதிய மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தோம். 'பஸ் வசதி உண்டு' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். பஸ் மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. மினி பஸ் விடுவார்களா?

பதில்: விளம்பர நோட்டீஸ் கைவசம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லாத வசதியைச் சொல்லி விற்பது தவறான விளம்பரம், அதைத் தனியாகக் கவனிக்கலாம். விற்றவர் உங்களுக்கு பஸ் விடப் போவதில்லை.

மினி பஸ்ஸுக்கு இப்போது வழி இருக்கிறது. தமிழக அரசின் புதிய மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர் இருக்கலாம், அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். உங்கள் மூன்று கிலோமீட்டர் மட்டும் அந்தக் கணக்கை நிரப்பாது. அந்தப் பக்கம் இருக்கும் மற்ற மனைப்பிரிவுகள், குக்கிராமங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, பஸ் நிலையமோ அரசு மருத்துவமனையோ முடிகிற இடமாக ஒரு தடம் வரைந்து, எல்லா ஊர்க் கையெழுத்தோடும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுங்கள்.

மனுவில் குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. யார் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதுங்கள்: ஸ்கூல் மணி, கம்பெனி ஷிப்ட், ரேஷன் கடை, சந்தை நாள். மினி பஸ் ஓட்டப்போவது தனியார். அவர் முதலில் பார்ப்பது ஆள் ஏறுவார்களா என்பதைத்தான். அப்புறம் இன்னொன்று, அரசு டவுன் பஸ்ஸின் கட்டணமில்லாப் பயணம் இதில் கிடையாது, வீட்டுப் பெண்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் பெரிய பஸ் திரும்புகிற அளவுக்கு உங்கள் சாலை அகலமாக இருந்தால், பக்கத்து டவுன் பஸ் தடத்தையே மூன்று கிலோமீட்டர் நீட்டச் சொல்லி முதல் மனுவை டெப்போவுக்குப் போடுங்கள்.