வரைபடத்துக்கென்று பணம் கேட்காதீர்கள்

கேள்வி: ஹட்டன் பக்கம் சில தேயிலைத் தோட்டங்களில் தாய்–சேய் போசாக்கு வேலை செய்யும் சிறிய அமைப்பு எங்களுடையது. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் சமூக வலையமைப்புப் பகுப்பாய்வு படித்துவிட்டு வந்திருக்கிறார். யார் சொன்னால் யார் கேட்கிறார்கள், ஒரு செய்தி எந்த வழியாகப் போகிறது என்று கணினியில் வரைந்து பார்க்கலாம் என்கிறார். இதற்கென்றே எழுதி அனுப்பிய இரண்டு முன்மொழிவுகளும் திரும்பி வந்துவிட்டன. இதற்குப் பணம் தரும் நிதியங்கள் எவை?
– வாசகி, ஹட்டன்

பதில்: சகோதரி, ‘இதற்கென்றே’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். வலையமைப்புப் பகுப்பாய்வுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருக்கும் நிதியத்தைத் தேடினால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டே இருப்பீர்கள். போசாக்குக்குத் தருவார்கள், பெண்கள் உரிமைக்குத் தருவார்கள், மண்சரிவு முன்னாயத்தத்துக்குத் தருவார்கள். ஆய்வு முறைக்கு மட்டும் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். அமெரிக்காவின் ராபர்ட் வூட் ஜோன்சன் நிதியம் ‘பார்ட்னர்’ என்ற வலையமைப்பு ஆய்வுக் கருவிக்குப் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது சுகாதாரத்துக்காகவே இயங்கும் நிதியம். சுகாதார வேலையில் இருக்கும் அமைப்புகள் எப்படிக் கைகோக்கின்றன என்று பார்க்க அந்தக் கருவி உதவும் என்பதால் கொடுத்தார்கள்.

ஆகவே போசாக்குத் திட்டத்துக்கே பணம் கேளுங்கள். வரவுசெலவில் கண்காணிப்பு, மதிப்பீடு என்று ஒரு தலைப்பு இருக்கும். பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை அதற்கு ஒதுக்கினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தம்பியின் வேலை அதற்குள் அடங்கிவிடும். இந்த வரைபடங்களைப் போடும் ‘கெஃபி’ போன்ற மென்பொருள் இலவசம். செலவெல்லாம் ஆட்களின் நேரத்துக்குத்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணை வேலை நாளில் கூப்பிட்டு உட்காரவைத்தால் அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அந்தக் காசை யார் கொடுப்பது என்று முன்மொழிவிலேயே எழுதுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

அதற்கும் முன்னால், பணமே இல்லாமல் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். ஈவா ஷிஃபர் என்ற ஆய்வாளர் கானாவில் ஆற்றுநீர் நிர்வாகத்தை ஆராய்ந்தபோது ‘நெட்-மேப்’ என்ற முறையை உருவாக்கினார். பெரிய தாள், கலர் பேனை, செல்வாக்கைக் காட்ட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் காய்கள், அவ்வளவுதான். நமக்கு கெரம் காய் போதும். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) ஏழெட்டுத் தாய்மாரை உட்காரவைத்து திரிபோஷா என்ற சத்துமாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போன தடவை திரிபோஷா வந்தது உங்களுக்கு யார் சொல்லித் தெரியும்?” மருத்துவிச்சி, மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மாவிடம் சொல்லியிருப்பார், ஆயாம்மா கொழுந்து மலையில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுக்கொண்டே வாருங்கள். தோட்டத்தின் மேல் டிவிஷன் (மேல் பிரிவு) லயத்துக்கு ஒரு அம்புக்குறியும் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஆட்டோ ஓட்டும் பையன் ஒருவன் வழியாக மட்டும் போகிறது. உங்கள் முன்மொழிவின் முதல் பத்தி அதுதான். ‘வலையமைப்பு மையத்தன்மை’ என்று எழுதினால் படிக்கிறவர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார். இந்த டிவிஷன் தாய்மாருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, இதை இப்படிச் சரிசெய்யப் போகிறோம், ஒரு வருடம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுக் காட்டுவோம் என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, யாரிடம் கேட்பது? கொழும்பிலிருந்தே தொடங்குங்கள். நீலன் திருச்செல்வம் டிரஸ்ட், விமன்ஸ் ஃபண்ட் ஏசியா இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. சிறிய அமைப்புகளோடு பழகியவர்கள். வெளிநாட்டு நிதியங்களென்றால் அவற்றின் இணையதளத்தில் இருக்கும் இனிப்பான வாசகங்களை நம்பாமல் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கத் தனியார் நிதியங்கள் ஒவ்வொரு வருடமும் 990-பிஎஃப் என்ற வரிப் படிவத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதியாக வேண்டும். அது பொது ஆவணம், ‘புரோபப்ளிகா’ தளத்தில் இலவசமாகத் தேடலாம். பிரிட்டிஷ் நிதியங்களுக்கு 360கிவிங் அமைப்பின் ‘கிராண்ட்நாவ்’ தளம் இருக்கிறது. இரண்டிலும் இலங்கை என்று போட்டுத் தேடி, உங்களைப் போன்ற வேலைக்கு யார் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். தம்பிக்கு நல்ல வேலை!

அமெரிக்க நிதியம் வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுப்பதானால் வரிச் சட்டப்படி கூடுதல் சோதனைகள் செய்ய வேண்டும். சிறு தொகைக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்று பலர் ஒதுங்கிவிடுவார்கள். நீங்கள் தொண்டு அமைப்புகளின் பதிவுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ வேறு விதமாகவோ பதிவு செய்யாமல், கணக்காய்வு அறிக்கையும் இல்லாமல் இருந்தால், கண்டியிலோ ஹட்டனிலோ பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்றோடு பங்காளியாகச் சேர்ந்து விண்ணப்பிப்பதுதான் சுருக்கு வழி.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தோட்டத்தில் யார் யாரோடு பேசுகிறார் என்பது சும்மா தகவல் அல்ல. துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) கையிலோ தொழிற்சங்கத்தின் கையிலோ போனால் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சம்மதம் கேட்டு, பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். நிதியத்துக்குப் போகும் அறிக்கையில் ஆட்களின் பெயர் வேண்டாம், ‘ஆயா’, ‘மருத்துவிச்சி’ என்றாலும் யாரென்று தெரிந்துவிடும் சிறிய டிவிஷன்களில் அதுகூட வேண்டாம். தோட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அவருடைய காய் அடுக்கு சின்னதாக வந்தால் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள்.