தம்பி, நோட்ஸைக் கொஞ்சம் மூடி வை

உயர்தரத்தில் கடந்தகால வினாத்தாள்களைப் பாடமாக்கியே நல்ல பெறுபேறு எடுத்தாய், இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு வந்து முதல் தேர்விலேயே 38 புள்ளிதான், நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதியும் குறைத்துவிட்டார்கள் என்கிறாய். வினாவையும் போட்டிருக்கிறாய்: நெல் இலை மஞ்சளாகிறது, காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய்? நீ நைதரசன் குறைபாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தம்பி, அவர்கள் கேட்டது வழியை.

எந்த இலை முதலில் மஞ்சளானது? அடியிலுள்ள முதிர்ந்த இலை என்றால் நைதரசனைச் சந்தேகி, ஏனென்றால் பயிர் அதைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதுக் குருத்துக்கு அனுப்பிவிடும். இளம் இலை முதலில் மஞ்சள் என்றால் இரும்பு, கந்தகம் பக்கம் யோசி, அவை அப்படி இலகுவில் நகராது. முழு வயலுமா, ஒரு மூலை மட்டுமா? பசளை எறிந்தபோது தண்ணீர் நின்றதா? நிற்கிற தண்ணீரில் வீசிய யூரியாவில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போய்விடும், வயல் செய்கிற பெரியவர்கள் தண்ணீரை வடியவிட்டு எறிவது சும்மா இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

நானும் முதல் வருடம் ஒரு பாடம் ரிப்பீட் எழுதினவன்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. சரி, இன்றைய விரிவுரையை எடுத்து ஓரத்தில் மூன்று 'ஏன்' எழுது, விடை தெரியாத ஒன்றை நாளைக்கு விரிவுரையாளரிடம் கொண்டுபோ. அப்புறம், சீனியர் எடுக்கிற குப்பியில், அதுதான் மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில், தலையாட்டிக்கொண்டு இருக்காதே, ஒரு நாள் நீயே எடுத்துப் பார், எங்கே தடுமாறுகிறாய் என்று தெரிந்துவிடும்.