நோட்டில் அவள் எழுதிய இரண்டு பக்கம்

வணக்கம் சார்,

ஆப்பிரிக்க உள்நாட்டுப் போரையும் வைரக் கடத்தலையும் பற்றிய ‘பிளட் டைமண்ட்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டுப் போர்முனை நிருபராகப் போகிறேன் என்று பிளஸ் டூ படிக்கும் மகள் நிற்கிறாள், வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே படத்தைப் பற்றி அவள் நோட்டில் எழுதியதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள் பாருங்கள், அது நல்ல காரியம். உங்கள் கடிதத்தைவிட அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

படத்தின் பலம் என்று அவள் முதலில் எழுதியிருப்பது கதாநாயகன் டிகாப்ரியோவை அல்ல. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் மீனவர் சாலமனின் மகனைக் கிளர்ச்சிப் படை பிடித்துப்போய், சிறுவன் கையில் துப்பாக்கி கொடுத்துக் கொலைகாரனாக்கும் காட்சிகளை எழுதியிருக்கிறாள். வைரம் லைபீரியா எல்லை தாண்டி லண்டன் வரை போகும் வழியையும் பிடித்திருக்கிறாள். 1991 முதல் 2002 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்குப் பணம் வந்த பாதையை ஒரு சண்டைப் படம் இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம்தான்.

குறைகளில்தான் பெண் அசத்தியிருக்கிறாள். போகப்போக இது டிகாப்ரியோ நடித்த வெள்ளைக்காரக் கடத்தல்காரன் திருந்தும் கதையாகிவிடுகிறது, சாலமன் தன் கதையிலேயே துணைப் பாத்திரம் என்கிறாள். கடைசியில் அவர் வைரக் கடத்தல் பற்றிய ஒரு மாநாட்டு மேடைக்கு வருகிறார், எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள், பேசுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. ‘அவர் பேசினால் என்ன?’ என்று பக்கத்தில் கேட்டிருக்கிறாள். துப்பாக்கிச் சண்டையை மட்டும் சிலாகித்திருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். இந்தக் கேள்வி நிருபருக்கு உரியது சார்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். படத்தில் உண்மையை வெளியே கொண்டுவருவது அமெரிக்க நிருபர். நிஜத்தில், 1999 ஜனவரியில் சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுன் தாக்கப்பட்டபோது உயிரைப் பணயம் வைத்துப் படம்பிடித்த சோரியஸ் சமூரா அந்த நாட்டுக்காரர். தன் ஊரைத் தெரிந்தவர் என்பதால்தான் அது முடிந்தது. அதனால் இவளும் முதலில் கோர்ட், கலெக்டர் ஆபீஸ், மீன்பிடித் துறைமுகம் என்று நம்மூரில் செய்தி சேகரிக்கப் பழகட்டும். போர்முனையெல்லாம் அப்புறம்.

படிப்பு? இளங்கலையில் பொருளாதாரமோ வரலாறோ அரசியல் அறிவியலோ எடுக்கலாம். பிறகு சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு வருட முதுகலை டிப்ளமோ உண்டு. எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆப்பிரிக்காவின் மீதே ஆர்வம் நிலைத்தால் ஜே.என்.யு.விலும் டெல்லி பல்கலைக்கழகத்திலும் அதற்கென்று தனித் துறைகள் இருக்கின்றன. பிரெஞ்சு மட்டும் இப்போதே தொடங்கட்டும், மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் அதுதான் ஆட்சிமொழி.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். வருவதற்குள் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: வைர வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 2003இல் வந்த கிம்பர்லி என்ற சர்வதேச விதிமுறை, கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் வைரத்தைத்தான் தடுக்கிறது, அரசாங்கப் படையே சுரங்கத்தில் வேலை செய்பவர்களை அடித்து உதைத்தால், சூரத்தில் பட்டை தீட்டுபவருக்கு அது எப்படித் தெரியும்?